அங்காயி நட்ட கல்

கல்லைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை அங்காயி யாரோடும் பேசமாட்டாள். முதலில் தண்ணீர், பிறகு ஒரு கை பால், அதற்குப் பிறகு எள்ளும் தண்ணீரும். முந்தானையால் துடைத்து, உச்சியில் எண்ணெய் தொட்டு வைத்து, கடைசியில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து அதன் காலடியில் சாய்த்து வைப்பாள். அது புகைந்து தீர்ந்த பிறகுதான், "வாங்க மொதலாளி, எப்ப வந்தீங்க?" என்று துணி மூட்டையோடு நிற்கும் என் பக்கம் திரும்புவாள். ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இதுதான் நடந்தது.

நடந்த இடம், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உள்ள வெள்ளைக்காரத் துரைமார் கல்லறை. பளிங்குச் சிலுவைகளும் ரோசாச் செடிகளுமாக இருக்கும் அந்த இடத்தில், வேலிக்கு உட்புறமாக, ஓடையில் பொறுக்கிய ஒரு கருங்கல். முழங்கால் உயரம்கூட இல்லை. அது அவள் புருஷன் சின்னராசா.

சின்னராசா, தோட்டத்துப் பெரியதுரையின் தம்பிக்குக் குதிரைக்காரன். தம்பித்துரை செர்மன் சண்டைக்குக் கப்பல் ஏறியபோது குதிரையோடு இவனும் ஏறினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் பஸ்ராப் பக்கம் ஒரே குண்டில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் கல்லறை நடுவில் பெரிய சிலுவை ஒன்று எழும்பியது. செத்த மூன்று துரைமார் பெயரை அதில் வெட்டினார்கள். சின்னராசா பெயர் இல்லை. கேட்டதற்கு, பட்டாளத்தில் பதிந்தவர் பெயர் மட்டுந்தான் வெட்டுவோம் என்று பதில் வந்தது.

"குண்டு வந்து கேட்டுச்சா மொதலாளி, நீ தொரயா, குதிரக்காரனான்னு?" என்பாள் அங்காயி. நான் துணி மூட்டையை அவிழ்ப்பேன்.

நம்மவர் வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். செத்தவருக்குக் கல் நட்டு, பதினாறாம் நாள் அதைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விட்டால்தான் ஆவி கரையேறும். அங்காயி விடவில்லை. பிள்ளையில்லாதவள், தானே கல் நட்டது தப்பு என்று தோட்டத்தார் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு. நட்டதை எடுக்காதது அதைவிடப் பெரிய தப்பு என்று இன்னொரு பேச்சு. பெரிய கங்காணி ஒருநாள் வந்து, "அவன் ஆவி அலையுதுடி, பாவம்டி" என்று பயமுறுத்திப் பார்த்தார்.

"அலையட்டும். பேரு வெட்டுற வரைக்கும் அலையட்டும். உசுரோட இருக்கையில மட்டும் ஒரு எடத்துல குந்தியா இருந்தாரு?" என்றாள். கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

கல்லறைக் காவற்காரன் கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் உருட்டிவிட்டதும் உண்டு. அடுத்த ஞாயிறு அதே குழியில் வேறு கல் நிற்கும். ஊவா மலையில் கல்லுக்கா பஞ்சம்!

ஆள் பார்க்க ஒன்றுமில்லை. ஒட்டிய கன்னம், கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. ஆனால் கழுத்தில் தாலி இருக்கும். என்னிடம் சேலை எடுத்தால் சிவப்புத்தான் எடுப்பாள். ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பாள். முதல் தடவை நான் தெரியாத்தனமாக வெள்ளையை எடுத்து நீட்டிவிட்டேன். "கல்லே எறங்கல, நான் எப்படித் தாலி அறுத்தவ?" என்று ஒரு சீறல். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இன்னொரு தடவையும் நான் வாயைக் கொடுத்தேன். "ஆளு பஸ்ரா மண்ணுல கெடக்காரு. இங்க வெறுங்கல்லுக்கு எண்ணெய் வச்சு என்னத்தக் கண்ட?" என்றேன்.

"தொரசாணி கப்பலேறிப் போயி கொழுந்தன் சமாதியப் பாத்துப் பூ வச்சுட்டு வந்தாங்க. எனக்குக் கப்பலு இருக்கா? அதான் அந்தச் சண்டக்காட்ட இங்கயே கொண்டாந்துட்டேன். ஏன், ஒங்களுக்கு எங்கயாவது நோவுதா?"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோபம் வந்ததென்னவோ உண்மை. பண்டாரவளையில் என் கடைக்கு வந்து சேருவதற்குள் அது வெட்கமாகிவிட்டது.

இந்த ஐப்பசியில் விவகாரம் முற்றியது. சண்டை நின்ற நாளன்று சுற்றுவட்டாரத் துரைமாரெல்லாம் சிலுவையடிக்கு வருகிறார்கள். அதற்குள் கல் நட்ட இடத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் அங்காயிக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பறாவும் போச்சு. சேதி கொண்டுவந்தவர் கிளாக்கர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர்.

"இஞ்சை பார் அங்காயி, துரை கடைசியாச் சொல்லிப்போட்டார். அந்த இடத்திலையிருந்து கல்லை நீயே உன்ர கையாலை எடு. பிறகு என்னைக் குறை சொல்லாதை."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று லயமே காத்திருந்தது. "எடுக்கிறேங்கய்யா" என்றாள், அவ்வளவுதான். ஐந்து வருஷம் நின்றவள், பாவம், சோற்றுக்குமுன் யார்தான் நிற்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் பதினொன்று. தூறலும் பனியும். சிலுவைக்குச் சுற்றக் கறுப்புத் துணி கேட்டிருந்தார்கள், அதைக் கொடுக்கப் போனவன் வேலியோரம் நின்றேன். துரைமார் சட்டையில், சண்டையில் செத்தவர் நினைவாகச் சிவப்புக் காகிதப் பூ. பதினொரு மணிக்குப் பிகிள் ஊதியது, தொப்பிகள் இறங்கின. இனி இரண்டு நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது, அது அவர்கள் வழக்கம்.

அப்போது பார்த்து மலையிலிருந்து நேரே வந்தாள் அங்காயி. கொழுந்துக் கூடையை என் பக்கத்தில் இறக்கி வைத்தாள். உள்ளே போய்க் கல்லை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினாள். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஓடைப் பக்கம் போகவில்லை. துரைமார் வரிசைக்கு முன்னால் நடந்து, மலர்வளையங்களைக் காலால் அல்ல, கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, சிலுவைப் படியில், மூன்று பெயர்களுக்கும் கீழே அதை நிமிர்த்தி வைத்தாள்.

பெரியதுரை முகம் செக்கச்செவேலென்று ஆனது. பேச முடியாதே! கிளாக்கருக்குக் கண்ணைக் காட்டினார். வீரசிங்கம் பதறிப்போய் வந்து, குனிந்து கல்லில் கை வைத்தார்.

பளாரென்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, அங்காயி வரிசையில் நின்ற துரைசாணிக்குப் பக்கத்தில் போய், சிலுவையைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.