செத்த எலியின் கோடு

ராக்கெட்டில் போகிறவனுக்குத் தூக்கம் வருமா வராதா என்று கண்டுபிடிக்கத் தாம்பரத்தில் எலிகளைச் சுற்றினார்கள். சிரிக்காதீர்கள், அறுபத்தொன்பதில் அது பெரிய ஆராய்ச்சி. தண்டவாளத்தை ஒட்டிய அந்த ஆய்வுக்கூடத்தில் அசரியா ஐந்து வருஷமாக டெம்பரரி உதவியாளர். கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். மாலையில் எலியை ஒரு ராட்டினத்தில் வைத்துச் சுற்றி, வில்கம்பியில் தொங்கும் கூண்டில் விடுவார். எலி அசைந்தால் கூண்டு ஆடும். கூண்டு ஆடினால் பேனா முள் காகிதத்தில் கோடு கிழிக்கும். காலையில் அந்தக் கோடுகளை எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

சுற்றிய எலி விடிய விடியத் தூங்குவதில்லை என்பது ஆராய்ச்சியை நடத்திய வைத்தீஸ்வரன் சாரின் முடிவு. கட்டுரை முடியும் தறுவாயில் இருந்தது. "இது அச்சாகட்டும் அசரியா, உங்களை பர்மனென்ட் பண்ணிடலாம்" என்றிருந்தார். அதற்காகவே மனைவி ரத்தினபாய் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள்.

அன்று காலை ஏழாம் கூண்டில் எலி செத்துக் கிடந்தது. விறைத்து, எறும்பு மொய்த்து. காகிதத்திலோ சற்று முன்பு வரைக்கும் கோடு! அசரியா குனிந்து கூண்டைப் பார்த்தார். எதையும் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டேகால் எலக்ட்ரிக் ரயில் தடதடத்துப் போனது. செத்த எலியோடு கூண்டு ஆடியது, முள் எகிறியது.

அடப் பாவமே! ஐந்து வருஷமாக ரயிலை எண்ணியிருக்கிறார் மனிதர்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இதை நம்பி நாளைக்கு ஒருத்தனை மேலே அனுப்புவார்களே என்று மனசு அரித்தது. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு சார் அறைக்குப் போனார்.

"சார், கூண்டை ஆட்டினது எலி இல்லை, ரயிலு. செத்த எலிக்கும் கோடு விழுது. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும் சார்."

சார் காகிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தார். "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை சார்."

"சொல்ல வேணாம்." காகிதத்தை மடித்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

கட்டுரை அச்சாகிற வரை சார் காத்திருக்கவே இல்லை. பத்தே நாளில் பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. எதற்கு என்று அசரியாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தார். வீட்டில் மூன்று பெண்கள், உடம்பிலோ ஐந்து வருஷ அலுப்பு. இன்னொரு வாசலில் போய் நிற்கத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ரத்தினபாய் ஆர்டரை பைபிளுக்குள் வைத்து முழங்காலிட்டாள். "ஆண்டவரே, என் புருஷன் உண்மையா உழைச்சதுக்குக் கூலி குடுத்தீங்களே, ஸ்தோத்திரம்!" என்று சொல்லி அழுதாள்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அசரியா வாயே திறக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னங்க என்பதுபோல் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆமென்" என்றார்.