அக்காவுக்காக வந்த தூசி மிஷின்

அரியலூரில் கீழே சிமெண்டுக் கடை, மேலே நாங்கள். இந்த ஊரில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வரும்படி. ஜன்னல் வழியாக லாரித் தூசி, மாடிப்படி வழியாகக் கடைத் தூசி. காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் கையெழுத்துப் போடலாம். என் கணவர் போட்டும் வைப்பார். அவருடைய நகைச்சுவை அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. காரணம் அக்கா. அவள் பெரம்பலூரில் இருக்கிறாள். ஒரு மணி நேர பஸ். ஆனால் எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட இங்கே தங்கியதில்லை. அவளுக்கு வீசிங். காலையில் வருவாள், சாப்பிடுவாள், சாயங்காலம் நெருங்கும்போது தும்மல் ஆரம்பிக்கும். அப்புறம் நெஞ்சுக்குள் விசில். கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, “நா கெளம்புறேண்டி, தப்பா நெனைச்சுக்காத” என்பாள். நான் தப்பாக நினைக்க மாட்டேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன், அவ்வளவுதான்.

சின்ன வயதில் நானும் அக்காவும் ஒரே பாயில் படுப்போம். விளக்கை அணைத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சே வரும். உட்கார்ந்து பேசுவது வேறு, படுத்துக்கொண்டு பேசுவது வேறு. போனில் தினமும் பேசுகிறோம். அதெல்லாம் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. அந்த இன்னொரு பேச்சுக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன்.

இந்தப் பங்குனியில் அக்கா போனில் சொன்னாள்: “திருமழபாடி கோயில்ல நந்தி கல்யாணம் பாக்கணும்னு ஆசையா இருக்குடி. ஆனா அது முடிஞ்சு ராத்திரி அந்நேரத்துக்கு எப்படி பெரம்பலூர் வர்றது?”

“எங்க வூட்ல தங்கு” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பயந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் புலம்பினேன். நான் கணக்கு டீச்சர். பக்கத்து நாற்காலியில் உட்காரும் தமிழ் டீச்சர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் ஊரோடு வந்திருந்தார்.

“எங்க வூட்ல ஒரு வேக்குவம் கிளீனர் சும்மா நிக்குது டீச்சர்” என்றார் அவர். “அங்க அவுங்க இருந்த வூட்ல செவுத்துக்குச் செவுரு கார்பெட். அதுக்குன்னு வாங்குனாங்க, வரும்போது தூக்கியாந்துட்டாங்க. எங்க டைல்ஸ் தரைக்குத் தொடப்பமே போதும். நீங்க வச்சுப் பாருங்க. பிடிச்சா வச்சுக்குங்க, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுங்க. இன்ஷா அல்லாஹ், அக்கா நல்லாத் தூங்குவாங்க.”

என் உயரத்துக்கு இடுப்பைத் தாண்டி நிற்கும் மிஷின். மேலே கைப்பிடி, நடுவில் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, கீழே உருளும் பிரஷ். தூசிக்குப் பை கிடையாது. நேராக அந்த டப்பாவில் விழும். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்ததை பஸ்ஸில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கம்பியோடு சேர்த்து நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவரு எங்கம்மா எறங்குறாரு?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் அன்றைக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

எதற்கும் மதிப்பெண் போடாமல் என்னால் இருக்க முடியாது. அது தொழில் வியாதி. அதன் பிளக்குக்குச் சதுரக் கால்கள். எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவே நுழையாது. நல்லவேளை, டீச்சர் அதற்கான மாற்று பிளக்கையும் கட்டிக் கொடுத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் கீழே கடையிலிருந்து என் கணவர் ஓடிவந்து, எந்த லாரி பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்டார். சத்தத்துக்கு முட்டை மார்க்.

அன்றைக்குச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்திருந்தேன். பெரம்பலூர்க்காரி நான், வெங்காயம் இல்லாமல் எனக்கு அடுப்பே பற்றாது. ஃபேன் காற்றில் தோலெல்லாம் கூடம் முழுக்கப் பறந்து கிடந்தது. மிஷினை அதன் மேல் ஓட்டினேன். அது ஒன்றைக்கூட விழுங்கவில்லை. பிரஷ் சுழன்ற வேகத்தில் அத்தனை தோலையும் பின்பக்கமாக என் கணவரின் கால் மேல் வாரி வீசியது. “உங்க அக்காவ விட இதுக்குக் கோவம் ஜாஸ்தி போல” என்றார். கைப்பிடிக்குக் கீழே இருந்த ஒரு பொத்தானை அழுத்தினேன், பிரஷ் நின்றது. பிரஷ் கார்பெட்டுக்கு, வெறும் தரைக்கு உறிஞ்சல் மட்டும் போதும் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்கப்புறம் தோல் போன இடம் தெரியவில்லை.

ஆனால் என்னைக் கவிழ்த்தது அந்த டப்பாதான். காலையில்தான் கூடத்தைப் பெருக்கித் துடைத்திருந்தேன். அந்தச் சுத்தமான கூடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை கிளம்பி டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றிப் படிந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் இதிலா புரண்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது, பார்க்கப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. டப்பாவைக் கழற்றிக்கொண்டு கீழே போய், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என் கணவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “நம்ம சரக்குதான். மூட்டைல போட்டு வித்துரலாம்” என்றார்.

அந்த வாரம் முழுக்கப் பரிசோதனை. கோரைப்பாயில் வைத்தால் பாயையே கவ்விக்கொண்டு எழுந்தது. கட்டிலுக்கு அடியில் பாதி தூரம்தான் போகும்; அதற்கு மேல் அதன் உடம்பு இடிக்கும். பீரோவுக்கு அடியில் போகவே போகாது. படியில் தூக்கிக்கொண்டு ஏறினால் தோள் இறங்கிவிடும். ஆனால் பக்கத்தில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி ஜன்னல் திரை, மெத்தை, ஃபேன் இறக்கை என்று பிடித்தபோது கொடுத்த மார்க்கையெல்லாம் திருத்தி அதிகமாகப் போட்டேன். தூசி எழாமல் தூசி போவதை நான் வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்ததில்லை. விளக்குமாறு தூசியைத் தரையிலிருந்து மூக்குக்கு மாற்றும், அவ்வளவுதான்.

டப்பாவைக் காலி செய்வதுதான் கண்டம். முதல் தடவை மொட்டைமாடியில் நின்று அடி மூடியைத் திறந்தேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல். இறங்கி வந்தபோது என் தலை முழுக்க நரைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “ஒரு கவருக்குள்ள டப்பாவ விட்டு, வாயக் கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு மூடியத் தட்டணும் டீச்சர். அத நா சொல்ல மறந்துட்டேன்” என்றார். பை இல்லாத மிஷினுக்குக் கடைசியில் பை தேவைப்பட்டது.

நந்தி கல்யாணத்துக்கு முந்தின நாள். அக்கா படுக்கப்போகும் அறையையும் மாடிப்படியையும் கடைசியாக ஒருமுறை பிடித்துவிடலாம் என்று இறங்கினேன். படிதான் எங்கள் வீட்டில் மோசம். கடையிலிருந்து ஏறும் ஒவ்வொரு காலும் கொஞ்சம் சிமெண்டைக் கொண்டுவந்து வைக்கும். மிஷினைப் படியில் நிறுத்தினேன். பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது. கை தன்னால் செம்புக்குள் போனது, தண்ணீரை அள்ளித் தெளித்தது. கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்தால்தான் புழுதி பறக்காது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. தெளித்துவிட்டு மிஷினைப் போட்டேன். வழவழவென்று இழுத்தது. இன்னும் நன்றாக வேலை செய்கிறதே என்று நாலு கை கூடவே தெளித்தேன்.

மறுநாள் காலையில் ஸ்விட்சைப் போட்டால் மிஷின் முனகியது. ஒரு நூலைக்கூட இழுக்கவில்லை. மெத்தை பாக்கி, திரை பாக்கி, மத்தியான பஸ்ஸில் அக்கா வருகிறாள். என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் குழாய் வளையும் இடத்தைக் கழற்றி, உள்ளே ஒரு விரலை விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தண்ணி தெளிச்சியா?”

“ஆமா. தூசி பறக்கும்ல.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. “சிமெண்டுக் கடைக்காரன் பொண்டாட்டி... சிமெண்டு மேல தண்ணி தெளிச்சு... நல்லா செட் ஆயிருக்குடி. நம்ம கடைச் சரக்கப் பத்தி யாராவது சந்தேகப்பட்டா இதக் காட்டலாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “சிரிங்க, நல்லாச் சிரிங்க. உங்க சிமெண்டாலதான் எங்கக்கா ஒரு நாளும் இந்த வூட்ல கண்ண மூடல. இன்னிக்கும் மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கப் போறா. கல்யாணமாயி இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரே ஒரு ராத்திரி கேட்டேன்” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகிறேன் என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் அது. மூலையில் சாய்ந்து கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி எடுத்துக்கொண்டு, படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வளைவுக்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார். முழுசாக இறுகியிருக்கவில்லை, ஓரம் பெயர்ந்ததும் கட்டி முழுசாக வந்து விழுந்தது. முழங்கை மாதிரியே வளைந்த ஒரு சிமெண்டுக் கட்டி. பிரஷ்ஷில் ஒட்டியிருந்ததையும் சுரண்டினார். வாரமெல்லாம் நான் ஏளனம் செய்த விளக்குமாறுதான் அன்றைக்கு மிஷினைக் காப்பாற்றியது. “இப்ப போடு” என்றார். போட்டேன். பழைய லாரிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் போட்ட முட்டையை அந்த நிமிஷமே அடித்துவிட்டேன். மெத்தையை அவரே பிடித்தார். நான் திரைகளைப் பிடித்தேன்.

அக்கா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். “என்னடி இது, வூடு மாத்திட்டீங்களா?”

சாயங்காலம் மூவரும் திருமழபாடி போனோம். கொள்ளிடத்துக் காற்று, கூட்டம், மேளம், தலைப்பாகையோடு மாப்பிள்ளை நந்தி. தாலி கட்டும் நேரத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். விளக்கை அணைத்தேன். “ஏண்டி, தூங்கிட்டியா?” என்றாள் அக்கா. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன். எழுதினால் பாதிச் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். எழுப்பப் போனவள் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். விசில் இல்லை. ஒரு சின்னக் குறட்டைதான். எழுப்ப மனசு வரவில்லை. முதல் பஸ் போனது, அடுத்ததும் போனது. எழுந்து மணியைப் பார்த்தவள், “அடிப்பாவி, ஏண்டி எழுப்பல?” என்று தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள். தலையணையிலிருந்து தூசி வரவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தால், என் கணவர் மிஷினை எடுத்துப் பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த டப்பா நிறைவதைப் பார்க்கும் ஆசை பிடித்துவிட்டது.

“நிறுத்துங்க. ஊருக்குப் போனவ போய்ச் சேர்றதுக்குள்ள கூட்டக் கூடாது.”

“இது எங்க கூட்டுது? உறிஞ்சுதுல்ல?”

“எதுவா இருந்தாலும் அவ வூடு போய்ச் சேரட்டும்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஒரு மணி நேரம் போல ஆனதும் அறையை ஒழுங்கு பண்ணப் போனேன். ஜன்னல் ஓரத்தில் அக்காவின் இன்ஹேலர் இருந்தது. கைப்பையை மறந்தாலும் அதை மறக்காதவள் அவள். படுக்கும்போது எடுத்து வைத்தவள், அதைத் தொடவே இல்லை. போன் செய்யக் கையை எடுப்பதற்குள் அவளே கூப்பிட்டாள். வீடு போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

“இன்ஹேலர உட்டுட்டுப் போயிட்டியே அக்கா. நாளைக்கே எடுத்துட்டு வரேன்.”

“வேணாம்டி. இங்க வூட்ல இன்னொன்னு இருக்கு. அது அங்கயே இருக்கட்டும்” என்றாள். “அந்த மிஷின மட்டும் திருப்பிக் குடுத்துடாத. அடுத்த மாசம் வந்து ரெண்டு நாள் இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் ஓடிப்போய்ப் பிளக்கைச் சொருகினார். நான் இன்ஹேலரை எடுத்து முந்தானையில் துடைத்தேன். துடைக்க அதில் தூசி எதுவும் இல்லை. அக்கா படுத்த பக்கத்துத் தலைமாட்டில் அதை வைத்தேன்.