பதின்மூன்றாவது உருப்படி

ரைன்போல்ட் ஆயராக வேண்டுமென்று யாரும் ஆசைப்படவில்லை, அவர் உட்பட. நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஆல்டன்ப்ரூக் பேராலயக் குருக்கள் அடுத்த ஆயர் யார் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றபோது, மூலையில் இருமிக்கொண்டிருந்த இந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை கண்ணில் பட்டார். எப்படியும் ஆறு மாதத்தில் போய்விடுவார், அதுவரை இருக்கட்டும் என்று இரு கட்சியும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தன. போனது இருமல்தான். தேர்ந்தெடுத்தவர்கள் ஒவ்வொருவருக்காகவும் அவர் துக்கம் காத்தார்.

ஆயர் என்றால் அந்தச் சீமைக்கு அரசரும் அவரே. சுங்கம் வாங்கினார், படை நடத்தினார், பக்கத்துப் பிரபுக்களிடம் முறையாகத் தோற்றார். பூசை வைக்கக் குருப்பட்டம் வேண்டும்; அதை வாங்கத்தான் நேரமில்லை. அதற்குச் சம்பளத்துக்கு ஒரு துணை ஆயர் இருந்தார். கடைசியில், கீல்வாதம் காலைப் பிடித்த அறுபத்து மூன்றாம் வயதில், ரைன்போல்ட் குருப்பட்டம் வாங்கிக்கொண்டார். முதல் பூசையைத் தன் பேராலயத்தில்தான் வைப்பதென்று பிடிவாதம்.

அங்கேதான் சிக்கல். ஊர்க்காரர்கள் ஆயர்களை எப்போதோ ஊரைவிட்டுத் தொலைவிலிருந்த கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருநாள், திருவிழாவன்று, பன்னிரண்டு குதிரைகளோடு வரலாம் என்று ஒப்பந்தம். பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். பூசையையோ வெறும் வயிற்றோடு, உச்சிக்கு முன் தொடங்கியாக வேண்டும்.

திருவிழாக் காலையில் வாசல் காவலன் கும்ப்ரெக்ட் விரல்விட்டு எண்ணினான்.

"பன்னெண்டுன்னு எழுதியிருக்கு, ஆண்டவரே. பதிமூணு நிக்குது."

"ஆண்டவர் உக்காந்திருக்கிறது குதிரை இல்லப்பா, கோவேறு கழுதை," என்றான் லாயக்காரன் தீட்மார். "கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அதோட ஆத்தா யாரு?"

"குதிரை. ஆனா அப்பன் கழுதையாச்சே!"

"எங்க ஊர்ல அப்பனப் பத்தி யாரையும் கேக்க மாட்டோம். அது மரியாதை."

ஆயர் திரும்பித் தன் பன்னிரண்டு குதிரைவீரர்களையும் பார்த்தார். "உங்கள்ல யாராவது ஒருத்தர் வெளிய நில்லுங்களேன்."

பன்னிரண்டு பேரும் அவரவர் பாட்டனார் விருந்து வரிசையில் யாருக்கு முன்னால் உட்கார்ந்தார் என்பதை விளக்கத் தொடங்கினார்கள். யார் பின்தங்கினாலும் ஒரு குலமே பின்தங்கிவிடும். விவகாரம் நகரசபைக்குப் போயிற்று. சபை கூடியது. வெயில் ஏறியது. ஆயரின் வயிறு சத்தமாகக் கருத்துச் சொன்னது.

"நடந்து வர்றதப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் ஆயர்.

கும்ப்ரெக்ட் ஒப்பந்தத்தை மூன்று தரம் படித்தான். "ஒண்ணும் இல்லீங்களே."

"தீட்மார், எறக்கி விடு."

பேராலயம் மேட்டில் இருந்தது. தீட்மாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கெஞ்சி நகர்த்தினார். வீரர்களோ வரிசை முடிவாகாமல் வாசலிலேயே நின்றார்கள். சந்தைக் குழாயடிக்கு வந்து சேர்ந்தபோது பேராலயக் கதவு எதிரே தெரிந்தது. நாற்பது அடிகூட இல்லை. உச்சி மணி அடித்தது. ஊர் மணி. ஒரு நொடி தவறாத மணி.

ஆயர் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"என்ன சாமி, இப்படி எரைக்குது?" என்றாள் அங்கே கூடையோடு நின்ற ரொட்டிக்காரி. "வெயிலுக்கு முன்னாடியே வரக் கூடாதா?"

"வந்தேம்மா. காலையிலேயே வந்தேன்."

"இன்னிக்கு ஆயர் வர்றாராம். அந்த ஆள நான் பாத்ததே இல்ல."

"பாக்க ஒண்ணுமில்ல," என்ற ஆயர், அவள் நீட்டிய ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். இனிக் காக்க நோன்பும் இல்லை.

அப்போது கும்ப்ரெக்ட், கோவேறு கழுதையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தீர்ப்பு வந்திருச்சு, ஆண்டவரே! இது அரைக் குதிரைதானாம். பாதிய மன்னிச்சு விட்டுட்டாங்க. தாராளமா ஏறி வரலாம்!"

ரொட்டிக்காரி கூடையைக் கீழே போட்டாள்.

ஆயருக்குக் கோபப்படவும் தெம்பில்லை. கழுதைக்கும் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தார்.

"தீட்மார், அடுத்த வருஷம் குதிரையே வேண்டாம். கோட்டையிலேருந்தே நடந்திருவோம்."

"மூணு காத தூரமாச்சே, ஆண்டவரே! எப்பக் கெளம்புறது?"

"நாளைக்குக் கெளம்பினா சரியா இருக்கும்," என்றார் ஆயர்.