பிலோ டீச்சர் நம்பரிலிருந்து வந்த ஃபைல்

பிலோமினா டீச்சர் இறந்துவிட்டார். இன்று காலை அவர் நம்பரிலிருந்து வந்த அந்த ஃபைல் உண்மைதான். யாரும் ஹேக் பண்ணவில்லை.

தருவைகுளத்து அம்மாமார் ஒருவரும் நம்பவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் முத்துக்கனி. அவரோடு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள்.

எனக்கும் முதலில் அழுகை வரவில்லை... பயம்தான் வந்தது.

டீ போட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பு குரூப்பில் டீச்சர் பெயர், கீழே ஒரு ஃபைல். ஒரு வார்த்தை இல்லை, குரல் இல்லை. பால் பொங்கி வழிகிறது, அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. மறுபடியும் எவனோ உள்ளே வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

வெளியூர் நண்பர்களுக்கு இந்தக் கதை தெரியாது. சொல்கிறேன்.

டீச்சர் எடுத்தது அறிவியல். பாடம் முடிந்த அன்று சாயங்காலம் மொபைலில் வினாடி வினா வைப்பார். லிங்க் வந்ததும் பிள்ளைகள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் முந்துகிறார்கள் என்று உடனுக்குடன் திரையில் ஏறும்... தெருவே சத்தமாக இருக்கும்.

ஒரு தடவை ஒரு பிள்ளையின் பெயரில் தப்புத் தப்பாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. விசாரித்தால், அவளுடைய அப்பா! கடலிலிருந்து திரும்பும்போது சிக்னல் கிடைத்திருக்கிறது, படகில் உட்கார்ந்தே போட்டிருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்து டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, மீனு எதுல மூச்சு விடுதுன்னு ஒங்களுக்கே தெரியலையே?"

"நாங்க பிடிக்கதோட சரி டீச்சர்... மூச்சையெல்லாம் எங்க பாத்தோம்!"

அப்படி ஒரு பழக்கம். டீச்சர் நம்பர் என்றால், வந்ததை ஊரே கண்ணை மூடிக்கொண்டு திறக்கும்.

போன வருஷம், தெரிந்தவர் ஒருவர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வந்தது. டீச்சர் திறந்தார். அவ்வளவுதான்... எவனோ போனுக்குள்ளே புகுந்துவிட்டான். அதே பத்திரிகை டீச்சர் பெயரில் எல்லா வகுப்பு குரூப்புக்கும் போனது.

ஸ்டாஃப் ரூமில் என் கையைப் பிடித்தார். "ஏளா கனி, பிள்ளையள் போட்டோ பூரா இதுலதான் கெடக்கு. ஆண்டு விழா வீடியோ, டான்ஸ் ஆடுனது... பொம்பளப் பிள்ளையள் வேற. எவன் பாத்துக்கிட்டு இருக்கானோ!"

போனை ஆஃப் பண்ணிவிட்டு இருவரும் வீடு வீடாகப் போனோம். கடற்கரையில் ஓர் அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்.

"டீச்சர், மவனுக்குக் கல்யாணம்னு ஒரு வார்த்த சொல்லலையே! இந்தா, இப்பதான் தொறக்கப் போறேன்..."

டீச்சர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

புகார் கொடுத்தோம். சர்வீஸ் கடையில் போனை மொத்தமாக அழித்து வாங்கினோம். யார் போட்டோவும் எங்கேயும் வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஆனால் அவர் பயம் போகவில்லை. காலையில் நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார். "ஏதும் கேள்விப்பட்டியா ளா?" தினமும்.

வினாடி வினாவை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு வழக்கம் கொண்டுவந்தார்... லிங்க் அனுப்புவதற்கு முன்னால் அவர் குரல் வரும், அன்றைய குழம்பு என்ன என்பதோடு. "பிலோ டீச்சர் பேசுதேன். இன்னைக்கு எங்க வீட்டுல சாள மீன் கொழம்பு. இப்பம் தொறங்க." குரல் வராமல் எது வந்தாலும் தொடக்கூடாது. பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களையும் தொட விடமாட்டார்கள்.

இன்று குரல் வரவில்லை.

நானும் ஃபைலைத் திறக்கவில்லை. அந்த நம்பருக்கு போன் போட்டேன். ஓர் ஆண் குரல், "ஹலோ" என்றது. "யாருல நீ? டீச்சர் போன் ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?" என்று கத்திவிட்டேன்.

"சித்தி... நான் ரோஷன்."

டீச்சர் மகன். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிற பையன்.

"அம்மாவுக்கு விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே... எல்லாருக்கும் சொல்லணுமேன்னு அம்மா போன்லயிருந்தே அடக்கப் பத்திரிகைய அனுப்புனேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல சித்தி. எங்கம்மா மேல யாருக்கும் கோவமா?"



அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை. தொடலாமா என்று ரோஷன் என்னிடம் கேட்டான். தொடு என்றேன். அதைச் சொல்லவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"டீச்சர், கொரல் இல்லாம ஒரு ஃபைல் மட்டும் வந்திருக்கு. நாங்க யாரும் தொறக்கல. எங்கம்மாவையும் தொறக்க விடல. இன்னைக்கு என்ன கொழம்பு டீச்சர்? சீக்கிரம் பேசுங்க... பயமா இருக்கு."

ரோஷன் போனை வைத்துவிட்டான்.

அம்மாமாரே, பிள்ளைகளை ஏசாதீர்கள். மெதுவாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடக்கம் இன்று சாயங்காலம், வீட்டிலிருந்து.

பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். தெரு முனையில் நிற்கிறேன். பந்தல் தெரிகிறது.

போனை உள்ளே வைக்கிறேன் டீச்சர்...

இந்தா, வாரேன்.