கரண்டி மூக்கு

1983-இல் பட்டச் சான்றிதழோடு மலையூரான ரிங்லெட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து யுனிவர்சிட்டி போய்த் திரும்பிய முதல் ஆள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மாக்கண்ணு அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் அசரவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சிட்டு வந்திருக்கியாமே தம்பி, இதுல எம்பேரு சரியா இருக்கான்னு பாரு" என்றார். பறவைச் சங்கம் டைப் அடித்து அனுப்பிய பட்டியல் அது. அவர் பேர் கடைசி வரியில் இருந்தது.

அது அங்கே ஏறிய கதை, அதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் நடந்தது.

வடக்கே குளிர் இறுகும் அந்த மாதத்தில் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாகப் பேராக் கடலோரம் வந்து இறங்கும். அக்காவின் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னதுரை ராதாகிருஷ்ணனுக்குப் பறவைப் பைத்தியம். ஒரு சனி ஞாயிறு மனைவியோடும் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினத்தோடும் அந்தக் கடலோரத்துக் கோல குராவுக்குக் கிளம்பினார். துரை பார்ப்பார், கிராணி நோட்டில் எழுதுவார். சோறாக்க அம்மாக்கண்ணு.

சனிக்கிழமை சாயங்காலம் சேற்றோரம் சட்டி கழுவும்போது அவர் ஓர் உள்ளான் கூட்டத்தைக் கவனித்தார். குருவி அளவு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஆயிரத்துக்குக் குறையாது. முற்றல் இலைக்குள் கொழுந்தை மட்டும் கிள்ளிப் பதினெட்டு வருஷம் பழகிய கண் அவருடையது. ஒன்றுக்கு மட்டும் மூக்கு நுனி தட்டையாக விரிந்திருந்தது, கரண்டி மாதிரி. போய்ச் சொன்னார்.

"கரண்டி பிடிக்க வந்த ஆளுக்குக் கண்டதெல்லாம் கரண்டி" என்றார் கிராணி. துரையம்மாகூடச் சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். அதேதான் என்றார் அம்மாக்கண்ணு. நாலு வருஷமாகத் துரை தேடிக்கொண்டிருந்த பறவை. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கூட்டம் பறந்துவிட்டது.

ஞாயிறு காலையில் கூட்டம் திரும்பி வந்தது. கடலும் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சேற்றை மூடிவிட்டால் பறவைகள் போய்விடும். மத்தியானம் இவர்களும் மலையேறியாக வேண்டும். துரை பைனாகுலரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார். கண் பூத்ததுதான் மிச்சம். கிராணியோ பறவை கிடைத்துவிட்டது போலவே, தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலை எழுதும் பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கண்டவர் என்ற இடத்தில் துரையின் பேரை எழுதினார்.

அது அம்மாக்கண்ணுவின் காதில் விழுந்தது. பறவை அவர் கண்ணில் பட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

"பாத்துட்டேன் தொரை. எம்பேர எழுதச் சொல்லுங்க, காட்டுறேன்."

இது சங்கத்து நோட்டு, உறுப்பினர் பேர்தான் ஏறும் என்று கிராணி சட்டம் பேசினார்.

"காலைப் பெரட்டுல நீங்க பேரு எழுதலைன்னா, நாள் முழுக்க மலையில நின்னாலும் நான் வராத ஆளுதான். சொல்லிக் குடுத்ததே நீங்கதான் கிராணி ஐயா. இப்ப எழுதுங்க லா."

துரை எழுதச் சொன்னார். கிராணி முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அம்மாக்கண்ணு விடவில்லை, வாசிக்கச் சொன்னார். துரையும் சமையல்காரியும் என்று இருந்தது.

"அது வேலை. பேரு இல்ல."

தண்ணீர் பறவைகளின் காலைத் தொட்டுவிட்டது. துரையே நோட்டைப் பிடுங்கி, இரண்டையும் அடித்து, அம்மாக்கண்ணு என்று எழுதி உரக்க வாசித்தார். அப்புறம்தான் அம்மாக்கண்ணுவின் விரல் நீண்டது. சாய்ந்த கட்டைக்கு இந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி. துரை பார்த்தார், துரையம்மா பார்த்தார். கிராணியும் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் எழுந்து போய்விட்டது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கிராணி அவரை இருப்பதிலேயே செங்குத்தான மலைக்கு அனுப்பினார். அம்மாக்கண்ணு அங்கேயும் குருவி இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாராம்.

ரிங்லெட்டில் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தேன். பேர் சரியாகத்தான் இருந்தது. சொன்னேன். "தெரியும், இருந்தாலும் கேட்டுக்கிட்டேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது 1987. அம்மாக்கண்ணு அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். வருஷா வருஷம் ஐப்பசியில் கோல குராவுக்குப் போய் வருகிறார்.