சிங்கப்பூர் போய் எடுத்து வந்த நம் ஊர்த் தண்ணீர்

போன சனிக்கிழமை சிங்கப்பூர்க் கடற்பாலத்தின் ஜொகூர் முனையில் ஒரு சுங்க அதிகாரி என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். என் தாகத்தைத் தீர்க்க அல்ல. அவருடைய சந்தேகத்தைத் தீர்க்க!

குடமும் என்னுடையதில்லை, தண்ணீரும் என்னுடையதில்லை. ஆனால் அந்த நேரத்தில் குடம் இருந்தது என் மடியில். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே… அன்றைக்குத்தான் எனக்கு அது முழுசாகப் புரிந்தது.

இந்தப் பத்தியைக் கொடுக்க வாரந்தோறும் சிங்கப்பூரிலுள்ள அச்சகத்துக்கு நான் போய் வருவது உங்களுக்குத் தெரியும். எப்போதும் வெறுங்கையோடுதான் திரும்புவேன். என் மனைவி மேரி அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. இந்த வாரம் கை நிறையத் திரும்பினேன் – ஜொகூர்த் தண்ணீரோடு!

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர்த் தண்ணீரா? ஆமாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவள் அஞ்சலை. எங்கள் இருவருக்கும் தங்கை மாதிரி. பூலாய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது, அவள் புருஷன் முத்துசாமிக்குக் கைகொடுத்தது பைப்பு வேலை. மலையில் அணை கட்டி, தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாயில் விட்டு, காடு மேடெல்லாம் தாண்டி, பாலத்தின் மேலாகவே சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்களே, அதற்குப் பள்ளம் வெட்டியவர்களில் அவனும் ஒருவன்.

கூலி வந்தது. கூடவே மலைக்காய்ச்சலும் வந்தது. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கையை விரித்துவிட்டார். அஞ்சலை தோட்டத்து அம்மன் கோயிலில் போய் விழுந்தாள். "என் தாலியக் காப்பாத்திக் குடு ஆத்தா, ஒனக்குக் கரகம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். முத்துசாமி பிழைத்தான். வேலியோரம் வந்து நின்று என் சுருட்டையே கேட்டு வாங்கிப் பிடிக்கும் அளவுக்குப் பிழைத்திருக்கிறான்.

வேண்டிக்கொண்டதை முடிக்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல்.

அந்த அம்மன் ஓடையில் கிடைத்த கல். காடு வெட்ட வந்த முதல் ஆட்கள் ஓடையிலிருந்து எடுத்துக் கரையில் வைத்துக் கும்பிட்டார்களாம். அதனால் கரகம் சோடிப்பதும் அந்த ஓடைத் தண்ணீரில்தான். வேறு தண்ணீர் ஆகாது. இப்போதோ ஓடை முழுவதும் அணைக்குள் போய்விட்டது. சுற்றிலும் வேலி. மனிதன், மாடு, ஆடு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆயிரமாயிரம் பேர் குடிக்கிற தண்ணீர், சுத்தமாக இருக்க வேண்டாமா? அந்த நியாயம் அஞ்சலைக்கும் தெரிந்தது. இருந்தாலும் காவல்காரரிடம் ஒரே ஒரு குடம் கேட்டுப் பார்த்தாள். அவர் பாவம், சட்டத்தைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

போன வருஷம் கரகம் எடுக்காமலே திருவிழா முடிந்தது. மழைக்காலத்தில் முத்துசாமிக்கு மறுபடியும் குளிர் காய்ச்சல் கண்டது. "ஆத்தா ஞாபகப்படுத்துறா அக்கா" என்று மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த வருஷமும் தவறினால் புருஷனைப் பறிகொடுத்துவிடுவோம் என்று உறுதியாகவே நம்பினாள். காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையைப் பற்றி நான் செய்த பிரசங்கம் எடுபடவில்லை.

"சரி, நம்ம வீட்டுக் குழாயில பிடிச்சுக்கோயேன்" என்றேன்.

முத்துசாமி சிரித்தான். "இது வேற கொளத்துத் தண்ணி வாத்தியாரே. நாங்க போட்ட பைப்பு இங்க எங்கயும் நிக்காது. நேரா சிங்கப்பூர்தான்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! மலை நம்முடையது. மழை நம்முடையது. பள்ளம் வெட்டிய கையும் நம்முடையது. ஒரு குடம் வேண்டுமென்றால் மட்டும் கடல் தாண்ட வேண்டும்.

அஞ்சலைக்கு யோசனை உதித்தது அப்போதுதான். அவள் தங்கை சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக் குழாயில் பிடித்து வந்தால்? தோட்டத்துப் பூசாரி மருதனிடம் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். குழாய்த் தண்ணீரைப் பூசாரி ஏற்பாரா என்று எனக்குச் சந்தேகம். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கட்டிக் குடுத்த பொண்ணு திருவிழாவுக்குப் பொறந்த வீட்டுக்கு வருது. போய்க் கூட்டிட்டு வாங்க!"

அங்கே நாலு இடத்துத் தண்ணீர் கலந்துதானே வரும் என்று நான் வாயெடுத்தேன். மேரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆகவே சனிக்கிழமை என்னோடு அஞ்சலையும் வந்தாள். கையில் மஞ்சள் காப்பு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம், இடுப்பில் புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடம். தங்கை வீட்டுக் கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டு நாலைந்து பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. அஞ்சலைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முகமோ மலர்ந்துவிட்டது.

"குளிக்கட்டும் வாத்தியாரே. முந்தி ஒரு வாளிக்கு வரிசையில நின்ன ஊருதான இது? இவங்க பெரியப்பா வெட்டுன பள்ளத்துல வந்த தண்ணி!"

தலை நிமிர்ந்து சொன்னாள். நான் படித்த பத்திரிகைகளில் எந்தத் துரையும் அந்தத் திட்டத்தைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போதுதான் வம்பு. சாமி குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. விரதக் களைப்பில் அஞ்சலைக்குத் தலை சுற்றியது. குடத்தை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கன் மடியில் அம்மன் கரகத் தண்ணீர்! பாலம் தாண்டியதும் பஸ் நின்றது. மலாய்க்கார அதிகாரி ஏறினார். மஞ்சள் துணி கட்டிய குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதில் என்ன?"

"ஆயர், துவான்."

"தண்ணீரா? சிங்கப்பூரிலிருந்தா? ஏன், ஜொகூரில் தண்ணீர் இல்லையா?"

நல்ல கேள்வி.

வரி கட்டாத சம்சுச் சாராயம் இப்படித்தான் குடத்திலும் டின்னிலும் வருகிறதாம். அவர் மேல் குற்றமில்லை. தாமே ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பார். ஆனால் அது நோன்பு மாதம், அவர் உதடு காய்ந்து கிடந்தது. ஆகவே என்னிடம் விரலை நீட்டி, "நீ குடி" என்றார்.

"வாத்தியாரே, குடிச்சிராதீங்க!" என்று அலறினாள் அஞ்சலை.

அம்மனுக்கு முன்னால் ஒரு மனிதன் ஒரு சொட்டுக் குடித்தாலும் போச்சு. அண்ணாந்து ஊற்றிக்கொண்டாலும் அது மனிதன் குடித்த மிச்சம்தான். குடித்தால் வேண்டுதல் கெட்டது. குடிக்காவிட்டால் அதிகாரி கையால் குடமே கவிழ்ந்தது. மறுநாள் காலையில் திருவிழா. பஸ்ஸில் இருந்தவர்கள் வேறு, சீக்கிரம் குடித்துத் தொலையேன் என்று முணுமுணுத்தார்கள்.

அஞ்சலை எழுந்து நின்றாள். காப்புக் கட்டிய கையை அதிகாரியின் முன்னால் நீட்டினாள்.

"துவான் புவாசா. சாயா பூன் புவாசா."

நீங்களும் நோன்பு, நானும் நோன்பு. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தோட்டத்து மலாயில் மலை, குழாய், காய்ச்சல், சாமி எல்லாவற்றையும் கொட்டினாள். அதிகாரி அவள் கைக் காப்பைக் குனிந்து பார்த்தார். கடைசியில் என் தீப்பெட்டியைக் கேட்டார். குடத்தை மெல்லச் சாய்த்து வெளியே ஒரு கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். குச்சியைக் கிழித்து அதில் வைத்தார். சம்சுவாக இருந்தால் பற்றிக்கொண்டிருக்கும். குச்சி 'உஸ்' என்று அணைந்தது.

"ஜொகூர்த் தண்ணீருக்கு ஜொகூரில் வரி கிடையாது. போங்கள்" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் மேரியும் தோட்டத்துக்குப் போனோம். உடுக்கை முழங்க, வேப்பிலையும் பூவும் சுற்றிய கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு அஞ்சலை தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி வந்தாள். முன்னால் வேப்பிலைக் கொத்தோடு முத்துசாமி. பாறை உடைத்த ஆள் குழந்தை மாதிரி அழுதுகொண்டே நடந்தான். எனக்கும் கண் கலங்கியது. ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு பூசாரி எல்லோருக்கும் தீர்த்தம் கொடுத்தார். எங்கள் சாமியார் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன், நானும் கை நீட்டினேன். லேசாக மருந்து வாடை அடித்தது. பூசாரியிடம் சொன்னேன். "புகுந்த வீட்டு வாசனை வாத்தியாரே, அது இல்லாமப் போகுமா?" என்றார்.

தண்ணீரை வெளியூருக்குக் கொடுத்ததில் நமக்கு லாபமா நஷ்டமா என்று காப்பிக் கடைகளில் இன்னும் வாதம் நடக்கிறது. எனக்குக் கணக்குத் தெரியாது. பஞ்ச காலத்தில் அந்த வேலை எத்தனையோ வீட்டில் அடுப்பை எரிய வைத்தது. அக்கரையில் நம் சனம் வரிசையில் நிற்காமல் குளிக்கிறது. மலையில் பெய்வது எல்லோருக்கும் பெய்வதுதானே? கொடுக்கத்தான் வேண்டும். முத்துசாமிக்குக் காய்ச்சல் திரும்புமா, திரும்பாதா, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆனால் ஞாயிறு இரவு அஞ்சலை அடித்துப் போட்டாற்போல் தூங்கினாளாம்.

ஒப்பந்தம் எழுதும் கனவான்களே, ஊரார் குடிக்கத் தாராளமாகக் கொடுங்கள்… சாமிக்கு மட்டும் ஒரு குடம் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்!