கீழ்வரிசை எட்டுக் கூண்டுகள்

டாக்டர், நீங்கள் எலிகளை மாற்றினீர்கள். செத்த எட்டை எடுத்துவிட்டு நல்ல எட்டை வைத்தீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். தோட்டத்தில் பிறந்தவன், ரப்பர் மரத்தடியில் அது நிற்கும் இது நிற்கும் என்று எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஈப்போவில், குனோங் ராபாட் பக்கம் ஒரு மூலிகை மருந்து கம்பெனியில் எலி பார்ப்பது என் வேலை. இருபத்து நான்கு எலிகளுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வியாதி வரவைத்தோம். ஒரு எலிக்கு ஒரு கூண்டு, மூன்று வரிசை. மேல்வரிசைக்கு மருந்தே இல்லை. நடுவரிசைக்கு ஆஸ்பத்திரி மாத்திரை. கீழ்வரிசைக்குக் கம்பெனியின் இலைச்சாறு. எந்த இலை என்று சொல்ல மாட்டேன், இலை மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வாரத்தில் கீழ்வரிசை எட்டும் செத்தன. மருந்தே கொடுக்காத மேல்வரிசைகூட உயிரோடுதான் இருந்தது.

"சாறு ஊட்டும்போது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கும் சேகர், உன் கைதான் தப்பு. புதுசா எட்டு எடுத்து அதே நம்பர் போடு" என்றார் டாக்டர்.

புதியவற்றுக்கு ஊசி போடவே இல்லை. நோயே இல்லாத எலிகள். அவற்றின் வாலில் பேனாவால் பழைய நம்பரை எழுதியவன் நான்தான். வேலை போய்விடும் என்று பயந்து எழுதினேன். அதை மறைக்கவில்லை.

பிறகு டாக்டர் ஈப்போவிலேயே, சிலிபின் பக்கம் ஒரு மண்டபத்தில் பேசினார், எலிச் சோதனையில் மாத்திரையைவிட இலைச்சாறு நல்ல பலன் கொடுத்தது என்று. சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து அதைக் கேட்ட என் அக்கா, மூன்று பாட்டில் சாறு வாங்கிப் போய், தன் சர்க்கரைக்குப் போட்டுவந்த இன்சுலினை நிறுத்திவிட்டாள். விஷயம் தெரிந்ததும் போன் பண்ணி, நிறுத்தாதே என்றேன்.

"நீதானேடா அங்க எலி பாக்குற? சரியில்லைன்னா முன்னாடியே சொல்லியிருப்பியே."

"இப்பதான் சொல்றேனே லா."

"மைக்குல சொன்னவரு டாக்டரு. நீ கூண்டு கழுவுறவன். போடா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எலியை மாற்றினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்தான் அது நடந்தது. எங்கள் எலி அறையில் பகலும் இரவும் தலைகீழ். எலிக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு, அதனால் காலையில் விளக்கை அணைத்து ராத்திரியில் போடுவோம். ஜன்னல் கிடையாது. பகலில் உள்ளே போனால் சிவப்பு டார்ச் மட்டும்தான், வெள்ளை வெளிச்சம் ஒரு கீற்று விழுந்தாலும் சோதனை கெட்டுப்போகும். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதம், மூன்று தடவை புகார் கொடுத்தாச்சு, அதனால் வெளி விளக்கை அணைத்து, கதவிடுக்கில் ஒரு கட்டையை வைத்துவிட்டு வேலை பார்ப்போம். அன்று வெளி விளக்கை அணைக்க மறந்ததில் கட்டை ஓரமாக வெளிச்சம் விழுந்தது, பழக்க தோஷத்தில் கட்டையைக் காலால் தள்ளினேன், கதவு சாத்திக்கொண்டது.

போன் வெளியே லாக்கரில். கூட வேலை செய்கிற ஃபைசாலும் காவலுக்கு இருக்கும் மலாய்க்காரப் பெரியவரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். திரும்ப மூன்று மணி ஆகும். கை வலிக்கத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் டார்ச்சும் மங்கி அணைந்தது. கண்ணுக்கு முன்னால் என் கையே தெரியவில்லை.

எலிக்குத் தண்ணீர் பாட்டிலில் ஒரு குழாய், அதன் நுனியில் சின்ன இரும்புக் குண்டு. எலி நக்கினால் டிக் டிக் என்று கேட்கும். சர்க்கரை வந்த எலிக்குத் தாகம் அடங்காது, மேல்வரிசையில் எப்போதும் அந்தச் சத்தம்தான். கீழ்வரிசை அமைதியாக இருக்கும் என்று அதன் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மேலே சத்தம் சட்டென்று நின்றது. என் காதுக்குப் பக்கத்தில் கீழ்வரிசை ஆரம்பித்தது. எட்டும் சேர்ந்து, ஒரே தாளத்தில், நிற்காமல்.

முதல் கூண்டின் மூடியைத் திறந்து கையை விட்டேன். எலி அங்கே குடிக்கவில்லை. எதிர் மூலையில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அது என் உள்ளங்கையில் இருக்கும்போதே குழாய் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கூண்டிலும் அப்படித்தான். மூன்றாவதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. கதவில் முதுகை ஒட்டி நின்று, அக்காவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதுதான் மனசில் ஓடியது.

கதவைத் திறந்தது டாக்டர். சத்தம் அந்த நொடியே நின்றது. நான் ஏன் உள்ளே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வெளிச்சம் உள்ளே விழுவதைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழ்வரிசைக்குப் போய் மண்டிபோட்டு ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தார். எட்டும் காலி. காலையில் நான் நிரப்பியவை. மரத்தூள் முழுக்க ஈரம், நோய் முற்றிய எலிக் கூண்டு மாதிரி.

"எப்பலேருந்து?" என்றார்.

"என்ன எப்பலேருந்து டாக்டர்?"

அழுக்குக் கூண்டை ஒரு நாளும் தொடாத மனுஷன், தன் கையாலேயே எட்டையும் கொட்டித் துடைத்துப் புதுத் தூள் போட்டார். அவர் போனதும் எட்டின் வாலிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை ஒன்றுக்குமே இல்லை.

அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் சுங்கை சிப்புட் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நம்பர் எழுதியது உட்பட. அவள் சிரிக்கவில்லை. பாவாடையைக் கொஞ்சம் தூக்கி இடது காலைக் காட்டினாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

அந்தப் பாட்டில் இன்றும் விற்கிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். பயந்து கனவு கண்டேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளட்டும், கவலை இல்லை. ஆனால் டாக்டர், "எப்பலேருந்து" என்று கேட்டீர்களே, அது புதிதாக ஒன்றைப் பார்த்தவன் கேட்கிற கேள்வி இல்லை. எனக்கு முன்னாடியே அந்த டிக் டிக் சத்தம் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. கேட்டுவிட்டும் விற்கிறீர்கள். முதல் எட்டு எலிக்கு என்ன ஆனது, அந்த அறையில் நீங்கள் என்ன சத்தம் கேட்டீர்கள், இரண்டுக்கும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.